கிளிநொச்சியிலிருந்து நுவரெலியா: மலைப் பாதையில எங்க நிப்பாட்டலாம், வானை எப்படி ஆயத்தம் செய்யலாம்?

பரந்தன்சந்தி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளின்ர லீவில மலைநாட்டுப் பக்கம் போக யோசிக்கிறம். விபரம் இதுதான்:

ஆக்கள் 11 பேர், அதில பிள்ளைகள் 4. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம், 50 படிக்கு மேல ஏற ஏலாது. வண்டி டீசல் கேடிஎச் வான், மனுவல் கியர். ஓடப்போற தம்பி கிளிநொச்சி–கொழும்பு பல தரம் ஓடினவர், ஆனா மலைப் பாதை புதுசு. கையில 3 நாள், 2 இரவு.

பிள்ளைகள் பேராதனை, றம்பொடை அருவி, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல ஒன்பது வளைவுப் பாலம் எண்டு ஒரு பெரிய பட்டியலே எழுதி வச்சிருக்கினம். இதில எது சரிவரும், எதை வெட்டலாம்? கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தானே, அது ஒன்றரை மணித்தியாலத்தில போயிடலாமோ?

---

கனகராயன்

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: ஏலாது. ஏ9 றோட்டில மாங்குளத்திலிருந்து புளியங்குளம் போற மட்டத் தரைக் கணக்கை மலையில போடக்கூடாது. கண்டி–நுவரெலியா நிப்பாட்டாமல் போனாலே இரண்டரை மணித்தியாலம். முன்னால ஒரு லொறி ஏறிக்கொண்டிருந்தா மூன்று. நீங்க நிப்பாட்டத்தானே போறியள், அப்ப நாலரை எண்டு வையுங்கோ.

முதல் நாள் கணக்கு: கிளிநொச்சியிலிருந்து கண்டி ஏறக்குறைய 255 கிலோமீற்றர். விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டா 8 மணிக்குத் தம்புள்ளை, ஒன்பதரை போல மாத்தளை. முறிகண்டியில தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி அரை மணித்தியாலம் போக்காட்டாதீங்கோ, அந்த அரை மணி பின்னேரம் மலைப் புகாரில (பனிமூட்டத்தில) வட்டியோட திரும்பி வரும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் றோட்டோடேயே இருக்கு, அம்மா இறங்கிக் கும்பிட்டு ஏற 20 நிமிசம் போதும். மாத்தளைக்குக் கிட்ட றோட்டோரம் நிறைய வாசனைத் திரவியத் தோட்டம் இருக்கும். பார்க்கக் காசில்லை எண்டுதான் கூப்பிடுவினம். முடிவில தைலம், மூலிகைப் போத்தல் எல்லாம் கடை விலையைவிடப் பல மடங்குக்கு முன்னால வரும். கறுவா, கிராம்பு வேணுமெண்டா மாத்தளைச் சந்தையில வாங்குங்கோ.

போற நாள் பேராதனைத் தோட்டத்துக்குள்ள இறங்கவேண்டாம். அது 147 ஏக்கர். ரெண்டு மணித்தியாலம் இல்லாமல் வெளிய வர ஏலாது. பத்தரைக்கு உள்ள போனா ஒரு மணிக்கு வெளிய வருவியள், றம்பொடையைத் தாண்டேக்க மூன்றரை. பகல் வெயிலுக்குப் பள்ளத்தாக்கு சூடாகி ஈரக்காற்று மேல ஏறும், குளிர்ந்து மத்தியானத்துக்குப் பிறகு புகாராய் இறங்கும். கொத்மலை நீர்த்தேக்கம், தேயிலைச் சரிவு, அருவி எல்லாம் அதுக்குள்ள மறைஞ்சு போகும். பிள்ளைகள் யன்னலால வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு வருவினம். பேராதனையைத் திரும்புற நாளுக்கு வையுங்கோ, அது மட்டத் தரை, அம்மாவும் நடப்பா. பனை நிரையைப் பார்க்க நாங்கள் அங்க போகத் தேவையில்லை, ஆனா சீசெல்சின்ர இரட்டைத் தேங்காய் மரத்தை விட்டிடாதீங்கோ.

ஏறுற வழியில நிப்பாட்ட வேண்டியது மூன்றே மூன்று:

1. புசல்லாவையைத் தாண்டி, கொத்மலை நீர்த்தேக்கம் தெரியிற இடம். வளைவில நிப்பாட்டாமல், றோட்டைவிட்டு முழு வண்டியும் உள்ள போகக்கூடிய வெட்டை பார்த்து நிப்பாட்டுங்கோ. 10 நிமிசம்.

2. றம்பொடை அருவி. 109 மீற்றர் உயரம், மேலும் கீழுமாய்ப் பிரிஞ்சு விழுகுது. மேல் பகுதியை றோட்டில நிண்டே பார்க்கலாம். கீழ் பகுதிக்குப் படி இறங்கவேணும், அது அம்மாவுக்குச் சரிவராது. அவவை மேல தேத்தண்ணிக் கடையில இருத்திப்போட்டுப் பிள்ளைகளோட இறங்குங்கோ. ஈரப் பாறையில சிலிப்பர் வழுக்கும், ரப்பர் அடிச் சப்பாத்து போடச் சொல்லுங்கோ. அங்க கிட்டவே சின்மயா மிஷன் கட்டின ஆஞ்சநேயர் கோயிலும் இருக்கு. போயா நாளில சனம் கூட.

3. லபுக்கலை. தேயிலைத் தொழிற்சாலையும் அதோட ஒரு தேத்தண்ணிச் சாலையும். சுத்திக் காட்டுவினம்: கொழுந்து வாட்டுறது, உருட்டுறது, நொதிக்க விடுறது, உலர்த்துறது, சலிச்சுத் தரம் பிரிக்கிறது. முக்கால் மணித்தியாலம்.

றம்பொடைக்கும் லபுக்கலைக்கும் இடையில, கொண்டை ஊசி வளைவுகளில ஒரு விசயம் நடக்கும். ஒரு பெடியன் பூங்கொத்தைக் காட்டி விலை சொல்லுவான். வாங்காமல் போனா, அவன் தேயிலைக்குள்ளால குறுக்குப் பாதையில ஓடி அடுத்த வளைவிலயும் நிப்பான், அதுக்கு அடுத்ததிலயும் நிப்பான். ஆளைப் பார்த்து ஓட்டுநர் பிறேக் அடிச்சா பின்னால வாற பஸ் எங்க நிக்கும் எண்டு யோசியுங்கோ. வாங்கிறதெண்டா லபுக்கலையில வண்டி நிக்கேக்க வாங்குங்கோ.

---

குளக்கட்டு_கராஜ்

இடங்களை மேல உள்ளவர் சொல்லிட்டார். நான் வண்டியை மட்டும் சொல்லுறன்.

வன்னியில பிறேக் எண்டது மாடு குறுக்க வந்தா மிதிக்கிற சாமான். மலையில அது முழுநேர வேலை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கம்பளை ஏறக்குறைய 500 மீற்றர். ஆக்களோட இரண்டரை தொன்னுக்கு மேல நிறையுள்ள வானை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கிற சூடு முழுக்கப் பிறேக்கிலயும் எஞ்சினிலயும்தான் போகவேணும். எஞ்சினுக்குப் பங்கு குடுக்காட்டி எல்லாம் பிறேக்கின்ர தலையிலதான்.

வெளிக்கிட ஒரு கிழமைக்கு முந்தி செய்யவேண்டியது:

பிறேக் ஒயில். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3, டொட் 4 எண்டு போத்தலில தரம் போட்டிருக்கும். புது டொட் 3 கொதிக்க 205 பாகை வேணும், ஈரம் ஏறினது 140 இலயே கொதிக்கும். டொட் 4 எண்டா 230, ஈரம் ஏறினா 155. கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழ் வரும், பெடலை மிதிக்கத் தரைவரைக்கும் போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருசத்துக்கு மேல மாத்தேல்லை எண்டா முழுசாய் மாத்துங்கோ, ஒரு லீற்றர் காணும். பிறேக் குழாயிலிருந்து காற்றெடுக்கேக்க தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கவேணும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. போத்தல் திறந்து மாசக் கணக்காய்க் கிடந்த ஒயிலை ஊத்த விடாதீங்கோ, அதுவும் ஈரம் குடிச்சதுதான்.

பாட், அதாவது பிறேக் தட்டை அழுத்திப் பிடிக்கிற கட்டை. முன் பாட் 3 மில்லிமீற்றருக்குக் குறைவாய் இருந்தா மாத்துங்கோ. ஏ9 இல இன்னும் மூன்று மாசம் ஓடும் எண்டு கராஜில சொல்லுவினம். அது உண்மைதான், ஆனா ஏ9 இல.

றேடியேற்றர். எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி. கேத்திலுக்குள்ள படியிற அதே வெள்ளைக் கல் றேடியேற்றர் குழாய்க்குள்ளயும் படியும். மட்டத் தரையில காற்றடிக்கிறதால தெரியாது. ரெண்டாம் கியரில அரை மணித்தியாலம் ஏறேக்க ஊசி மேல போகும். கழுவிப்போட்டு, கூலன்ற் அரைவாசி, காய்ச்சி வடிச்ச தண்ணி அரைவாசி விடுங்கோ.

எயார் பில்ரர். உள் றோட்டுச் செம்மண் புழுதியில ஓடின பில்ரரோட மலை ஏறினா கறுத்தப் புகைதான் வரும், இழுவை வராது. தட்டிப் போடாமல் புதுசு போடுங்கோ.

ரயர். பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டா 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. பூ (வெட்டு) தேயாமல் இருந்தாலும் ஆறு வருசம் தாண்டினதை மலைக்குக் கொண்டுபோகாதீங்கோ. காற்று கதவு நிலையில ஒட்டியிருக்கிற அளவுக்கு, குளிர்ந்த ரயரில. மேல் கரியரில பாரம் கூட ஏத்தாதீங்கோ. வளைவில வண்டி சரியிறது அந்த நிறையாலதான்.

இனி ஓடுற தம்பிக்கு. எந்த கியரில ஏறினீரோ அந்த கியரிலதான் இறங்கவேணும். இறக்கம் தொடங்க முந்தியே கியரைக் குறையும், வேகம் பிடிச்ச பிறகு குறைக்கப் போனா கியர் விழாது, நடுவில நிண்டிடும். பிறேக்கில காலை வச்சுக்கொண்டே இறங்கக்கூடாது. வேகம் 40க்கு வந்தா நல்லா அழுத்தி 25க்குக் கொண்டுவந்து, காலை முழுசாய் எடும். எடுத்த நேரத்திலதான் பிறேக் தட்டு ஆறும். டீசல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு நியூட்ரலில விடுறது, எஞ்சினை நிப்பாட்டி உருட்டுறது ரெண்டும் தற்கொலை. எஞ்சின் நிண்டா ரெண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாய்ப் போகும், ஸ்ரியறிங்கும் இறுகும்.

கருகின மணம் வந்தா அது கடைசி அறிவிப்பு. அடுத்த அகலமான இடத்தில நிப்பாட்டி, கியரில போட்டு, சில்லுக்குக் கல் வச்சு, 30 நிமிசம் ஆற விடும். தண்ணி ஊத்தவேண்டாம், சூட்டுத் தட்டு வளையும், வெடிக்கும். வெளிக்கிடேக்க கல்லை எடுத்து ஓரத்தில போடும். றோட்டில விட்டுப்போன கல்லில இரவு மோட்டார்சைக்கிள்காரன் விழுவான்.

பெடல் முழுசாய்ப் போச்செண்டா: கெதியாய்ப் பல தரம் மிதி, கியரைக் குறை, ஹான்ட்பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாய் இழு, மண் திட்டிப் பக்கம் உரச விடு. பள்ளப் பக்கம் எண்டைக்கும் வேண்டாம்.

---

கொழுந்து_வவுனியா

அக்கா, மலைப் பக்கம் தெரிஞ்சவங்கங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். மூணு நாளுல எல்லயை வெட்டிருங்க. நுவரெலியாவிலிருந்து எல்லக்கு வெலிமடை, பண்டாரவளை வழியா அறுபது கிலோமீற்றர் கிட்ட, ரெண்டு மணிக்கு மேல. போனா அதே நாள் திரும்பவும் ஏலாது, அங்கிருந்து மூணாம் நாள் கிளிநொச்சி போய்ச் சேர்றதுக்குள்ள சாமம் ஆயிரும்.

அதுக்குப் பதிலா, ஏறுறது ஒரு பாதை, இறங்குறது இன்னொரு பாதைன்னு வச்சுக்குங்க. ஏ5 றோட்டுல கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியா ஏறுங்க. மூணாம் நாள் காலைல ஏ7 றோட்டுல நானுஓயா, தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை போய், நாவலப்பிட்டி வழியா கம்பளைக்கு இறங்குங்க. தலவாக்கலை தாண்டி கொஞ்சத்துலயே சென் கிளயர் அருவி, 80 மீற்றர். அடுத்தது டெவன், 97 மீற்றர். ரெண்டும் றோட்டுல நின்னே தெரியும், அம்மா ஒரு படி கூட ஏற வேணாம். மேல் கொத்மலை மின் நிலையம் 2012ல வந்த பிறகு சென் கிளயர்ல தண்ணி முந்தி மாதிரி இல்ல. வறண்ட மாசத்துல டெவன்தான் அழகு.

நானுஓயாவுல கவனம். வரைபடம் ரதல்ல குறுக்குப் பாதையைக் காட்டும். தூரம் குறைவு, சரிவு ரொம்பக் கூட. 2023 ஜனவரியில பாடசாலைப் பிள்ளைகளோட வந்த பஸ், வான், ஓட்டோ மோதி ஏழு பேர் செத்த இடம் அதுதான். போன்ல பெண் குரல் என்ன சொன்னாலும் பெரிய றோட்டுலயே போங்க. ஏ5லயும் றம்பொடைக்குக் கிட்ட கெரண்டியெல்ல வளைவுல 2025 மே மாசம் ஒரு பஸ் பள்ளத்துல விழுந்து இருபதுக்கு மேல செத்தாங்க. அது விடியப்புறம். ராவுல மலை ஓடாதீங்க, அவ்வளவுதான்.

ரெண்டாம் நாள் முழுக்க நுவரெலியா. காலைல சீதா எலிய அம்மன் கோயில், அஞ்சு கிலோமீற்றர்தான். கோயிலுக்குப் பக்கத்துல ஓடைப் பாறையில இருக்கிற குழியை அனுமார் பாதம்னு காட்டுவாங்க. அதே றோட்டுல இன்னும் கொஞ்சம் போனா ஹக்கல தாவரத் தோட்டம். 1861ல சிங்கோனா பயிரிட, அதாவது மலேரியாவுக்குக் கொயினா எடுக்க, தொடங்கின தோட்டம். முன் பக்கம் நடக்க லேசு, பின்னால போகப் போக ஏத்தம். பின்னேரம் கிரெகரி ஏரிக்கரை, பிள்ளைங்களுக்குப் படகு.

ஹோர்ட்டன் சமவெளி கேட்டிருந்தீங்க. சுத்துப் பாதை 9 கிலோமீற்றர், மூணு மணி நேரத்துக்குக் குறையாது. அந்தப் பாதையில வர்ற உலக முடிவுங்கிற மலை விளிம்புல நின்னு பார்த்தா ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளம், ஆனா ஒன்பது மணிக்குப் பிறகு போனா பனிமூட்டம் மட்டும்தான். அஞ்சு மணிக்கே நுவரெலியாவை விட்டாத்தான் சரி, அது ஒண்ணு மட்டும் இருட்டுல ஓட வேண்டி வரும், மெதுவாப் போங்க. பொலித்தீன் பையை வாசல்லயே வாங்கிருவாங்க, தண்ணிப் போத்தல்ல ஒட்டியிருக்கிற லேபலைக் கூடக் கிழிச்சிட்டுத்தான் விடுவாங்க. சாப்பாட்டை டிபன் பெட்டியில கட்டுங்க. அம்மாவோட ஒருத்தர் நுவரெலியாவுல தங்கணும், பிள்ளைங்க போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். அப்போ ஹக்கலயைப் பின்னேரத்துக்குத் தள்ளுங்க.

தேயிலை வாங்குறதைப் பத்தி ஒரு வார்த்தை. நுவரெலியாத் தேயிலை மணம், நிறம் வெளுப்பு. பிளேன்ரீக்குத்தான் அது. மாப்பால் போட்டுக் கெட்டியா குடிக்கிற வீட்டுக்கு அதை வாங்கிட்டுப் போய், சாயமே இறங்கலன்னு சொல்லாதீங்க. கெட்டிச் சாயம் வேணும்னா தூள் தரம், அதுக்கு உங்க ஊர்க் கடையே போதும்.

---

பரந்தன்சந்தி

எல்லாருக்கும் நன்றி. எல்லயை வெட்டினதுக்கு மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறா, பரவாயில்லை. இன்னும் மூன்று கேள்வி: எந்த மாதம்? சின்னவனுக்கு வளைவில சத்தி வரும், என்ன செய்யலாம்? மண்சரிவுப் பயம் எவ்வளவு?

---

கொழுந்து_வவுனியா

மாசம்: வன்னி மழைக் கணக்கு மலைக்கு ஒத்து வராது. உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மாரி. றம்பொடை, அட்டன் பக்கம் மே மாசத்துலருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை. கிளிநொச்சியில ஆவணி வெயில் கொளுத்துறப்போ அங்க மூணு நாள் விடாம ஊத்தும். அருவி நல்லா இருக்கும், றோட்டு இருக்காது. பெப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரல்ல பூ இருக்கும், சனமும் இருக்கும், அறை வாடகை ஏறிடும். ஜனவரி, பெப்ரவரி விடியக்காலைல புல்லுல உறைபனியே படியும். வன்னியில இருக்கிற ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதாது. அறை பேசுறப்போ சுடுதண்ணி இருக்கா, எத்தனை மணிக்கு வரும்னு கேளுங்க.

மண்சரிவு: 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அந்தப் பக்கம் பண்ணினது எல்லாருக்கும் தெரியும். அதனால போக முந்தின நாள் ரெண்டு விசயம் பாருங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் பிரதேச வாரியா எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள்னா மழையைப் பார்த்து முடிவு எடுங்க, செம்மஞ்சள்னா பயணத்தைத் தள்ளுங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீற்றர் தாண்டினாலே அவங்க கவனிக்கத் தொடங்குவாங்க. றோட்டு திறந்திருக்கான்னு தங்குற இடத்துக்கே போன் போட்டுக் கேளுங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. வழியில மேட்டுலருந்து வர்ற தெளிஞ்ச ஊத்து திடீர்னு கலங்கி வந்தாலோ, சின்னக் கல்லு உருண்டு வந்தாலோ, மரமோ போஸ்ட்டோ சரிஞ்சு நின்னாலோ அங்க படம் எடுக்க இறங்காதீங்க. திரும்புங்க.

---

கனகராயன்

சத்திக்கு: சின்னவனை முன் சீற்றில, இல்லாட்டி நடு வரிசையில யன்னல் ஓரமாய் இருத்துங்கோ, பின் சில்லுக்கு மேல வேண்டாம். போன் குடுக்காதீங்கோ. கண் திரையில நிக்க, உடம்பு வளைவில ஆட, அதுதான் குமட்டலுக்குக் காரணம். கண்டிக்குக் கிட்ட வாற கட்டுகஸ்தோட்டைக்குப் பிறகு எண்ணெய்ச் சாமான் வேண்டாம், காலமைச் சாப்பாடு ரெண்டு இடியப்பம் போதும். வெறும் வயிறும் கூடாது. ஆளுக்கு ரெண்டு சொப்பின் பை, ஓட்டை பார்த்து எடுத்து, சீற்றுப் பைக்குள்ள முதலே வையுங்கோ. பெரிய மருந்து இதுதான்: ஓடுற தம்பி வளைவுக்கு முந்தி வேகத்தைக் குறைச்சு, வளைவுக்குள்ள பிறேக் அடிக்காமல் எடுத்தா அரைவாசிச் சத்தி வராது.

---

குளக்கட்டு_கராஜ்

தம்பிக்கு விட்டுப்போன ரெண்டு. ஒடுக்கமான இடத்தில ஏறி வாற வண்டிக்கு இறங்கிற வண்டிதான் வழி விடவேணும், அது அங்கத்தைய வழக்கம். ஏத்தத்தில நிண்ட லொறியைத் திருப்பி எடுக்கிறது லேசான வேலையில்லை. புகாருக்குள்ள ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போட்டு இடப்பக்கக் கரைக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு போகவும். நாலு பக்கச் சிக்னலை ஓடேக்க போடாதீர். பின்னால வாறவனுக்கு நீர் நிக்கிறீரா ஓடுறீரா எண்டு விளங்காது.

டீசலைக் கம்பளையில நிரப்பிக்கொண்டு ஏறவும். திரும்பி வந்த அடுத்த நாள் முன் சில்லைக் கழட்டிப் பாட்டைப் பாரும். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கினா சூடு வாங்கியிருக்கு, அப்படியே ஏ9 இல ஓடாமல் மாத்தவும்.